தொண்ணூற்றொன்பதில் ஒன்றை ஊருக்குத் திறந்துவிடுங்கள்

வெள்ளைக்காரர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிவிட்டுப் போன சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கதைக்காத ஆள் திருகோணமலையில் கிடையாது. யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை வருசத்துக்குக் கொடுத்தார்கள், இந்தியன் ஒயில் கம்பனியான ஐஓசியா எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனமா, இந்தியா ஏன் கேட்கிறது, நாங்கள் ஏன் கொடுக்கிறோம் என்று தேநீர்க்கடையிலும் சலூனிலும் கந்தளாய் பஸ்ஸிலும் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டு வருகிறேன். இவ்வளவு கதைக்கிற எங்களில் எத்தனை பேர் அந்தத் தாங்கி ஒன்றுக்குள் போய் நின்றிருக்கிறோம்? அங்கே கூலி வேலைக்குப் போனவர்களை விட்டால் எனக்குத் தெரிந்து யாருமில்லை. இந்தப் பதிவில் நான் கேட்கப்போவது ஒரேயொரு விசயம். அந்த 99 தாங்கிகளில் ஒன்றைத் துப்புரவாக்கி, பழுது பார்த்து, ஊர்ச் சனம் உள்ளே போய்வர விடவேண்டும்.

இந்த எண்ணம் எனக்கு லண்டனில்தான் வந்தது. தங்கச்சி குடும்பம் அங்கே இருக்கிறது. நான் போயிருந்த சமயம் மருமகள் என்னைத் தேம்ஸ் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆற்றின் ஒரு கரையில் சென்ற் போல்ஸ் பேராலயம். அதற்கு நேர் எதிரே, மறுகரையில், செங்கல்லால் கட்டிய நீளமான ஒரு கட்டடம், நடுவில் ஒற்றைப் புகைபோக்கி. அதுதான் பாங்க்சைட் மின்நிலையம். இப்போது அதற்குள் இருப்பது டேட் மொடர்ன் ஓவியக்கூடம். லண்டன் பார்க்கப் போகிற எங்கள் ஆட்கள் பலரும் அதன் வாசலில் நின்று, முதுகுப்பக்கம் பாலமும் கோயிலும் தெரியப் படம் எடுத்துப் போடுகிறார்கள். உள்ளே போவதற்குக் காசும் இல்லை. அப்படியிருந்தும் உள்ளே போகாமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர், அதுதான் எனக்குக் கவலை.

கட்டடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1947இல், லண்டனில் மின்சாரம் போதாமல் தவித்த நேரத்தில் வேலை தொடங்கியது. இரண்டு கட்டமாகக் கட்டி 1963இல்தான் முடித்தார்கள். வரைந்தவர் சேர் ஜைல்ஸ் கில்பேர்ட் ஸ்கொட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவரும் அவரேதான். கோயிலுக்கு எதிரே மின்நிலையமா என்று அப்போது பெரிய எதிர்ப்பு. அதனால் புகைபோக்கியைப் பேராலயத்தின் கோபுரத்தை விடத் தாழ்வாக, 99 மீற்றரோடு நிறுத்தினார்கள். நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் ஓடுவதாக அமைத்தார்கள். எண்ணெய் ஆற்று வழியாகப் பார்ஜில் வந்து நிலத்துக்குக் கீழே இருந்த பெரிய தாங்கிகளில் இறங்கியது. பிறகு எழுபதுகளில் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியதும் இந்த நிலையத்தை ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. 1981இல் மூடிவிட்டார்கள்.

மூடிய பிறகு வருசக்கணக்காகச் சும்மா கிடந்தது. இடித்துத் தள்ளிவிட்டு ஆற்றங்கரைக் காணியை விற்கலாம் என்பதுதான் பலருடைய யோசனை. 1994இல் ஓவியக்கூடங்கள் நடத்தும் டேட் நிறுவனம் அதைக் கேட்டு வந்திராவிட்டால் இன்றைக்கு அங்கே கண்ணாடி அடுக்குமாடிகள்தான் நின்றிருக்கும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஹேர்சொக், டி மியூரோன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் போட்டியில் வென்று வேலையை எடுத்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, மின்பிறப்பாக்கிகள் நின்ற பெரிய மண்டபத்தைத் தட்டுத் தட்டாகப் பிரிக்காமல் வெறுமையாகவே விட்டதுதான். ஏறக்குறைய 150 மீற்றர் நீளம், 35 மீற்றர் உயரம். மேற்கு வாசலால் போனால் நிலம் சரிவாக இறங்கிக்கொண்டே போகிறது, நாமும் அதோடு இறங்குகிறோம். மேலே பழைய பாரந்தூக்கி அப்படியே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அந்தச் சரிவில் உருண்டு விளையாடுகிறார்கள், ஒருவரும் ஏசுவதில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் திறந்தபோது முதல் வருசத்திலேயே ஐம்பது இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது அதில் பாதிகூட இல்லை.

சரி, இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்குக் கீழே இருப்பதைப் பற்றி.

மின்நிலையத்தின் தெற்குப் பக்கத்தில் நிலத்துக்கடியில் மூன்று எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன. வட்டமானவை, கொங்கிறீற்றில் கட்டியவை, ஒவ்வொன்றும் குறுக்களவில் 30 மீற்றர் அளவு. ஓவியக்கூடம் திறந்து பன்னிரண்டு வருசம் கழித்து, 2012 ஜூலையில், அந்தத் தாங்கிகளையும் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள். நடனம், நாடகம், ஒலி, படம் என்று சுவரில் மாட்ட முடியாத கலைகளுக்கு அந்த இடம். சில மாதங்களில் திரும்ப மூடி, அவற்றின் மேலேயே புதிய கட்டடம் ஒன்றை எழுப்பி, 2016இல் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி திறந்தார்கள். மேலே நிற்கும் கட்டடத்தின் பாரத்தைத் தாங்கச் சரிவாகப் போட்ட தூண்கள் தாங்கிக்குள் வந்து நிற்கின்றன. சுவருக்குப் பூச்சு இல்லை. கொங்கிறீற்றின் பழைய கறைகளும் கோடுகளும் அப்படியே தெரிகின்றன. நான் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துபோய்ச் சொரசொரவென்று இருந்தது. வட்டச் சுவர் என்பதால் எந்த மூலையிலும் ஒதுங்கி நிற்க முடியாது, மூலையே இல்லையே. நடுவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. யாரோ ஒரு பெண் செருப்பைத் தேய்த்து நடந்த சத்தம் சுவரைச் சுற்றி வந்து என் பின்பக்கத்தால் கேட்டது.

அங்கே நின்றுகொண்டு மருமகளுக்கு எங்கள் சீனக்குடாவைப் பற்றிச் சொன்னேன். "இதைப்போல மூன்று இல்லை பிள்ளை, எங்கட ஊரில தொண்ணூற்றொன்பது இருக்கு" என்றேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு, "அப்ப நீங்க அதுக்குள்ள போயிருக்கிறீங்களா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. "ஏன்?" என்றாள். அந்த 'ஏன்' லண்டனை விட்டு வந்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் தாங்கிகள் அவர்களுடையதை விட வயதில் மூத்தவை. முதல் உலகப்போர்க் காலத்திலேயே பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறத் தொடங்கிவிட்டது. கப்பல் எண்ணெயில் ஓடுமென்றால் போகிற வழியெல்லாம் எண்ணெய் சேர்த்து வைத்திருக்கவேண்டும். கிழக்கே சிங்கப்பூர் வரைக்கும் போர்க்கப்பல் ஓட்ட நினைத்தவர்களுக்குத் திருகோணமலை போல வாய்ப்பான இடம் வேறில்லை. ஆழமான துறைமுகம், சுற்றிவர மலை, புயலுக்கும் பயமில்லாத உள்குடா. ஆகவே 1920களிலும் 30களிலும் சீனக்குடாவில் காட்டை வெட்டி, மேல் தொகுதி, கீழ்த் தொகுதி என்று உருக்குத் தாங்கிகளை வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். மொத்தம் 101 கட்டியதாகச் சொல்வார்கள், இப்போது கணக்கில் இருப்பவை 99. ஒரு தாங்கி ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். ரோட்டில் ஓடுகிற பெரிய பவுசர் ஒன்று 33,000 லீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், முந்நூற்று அறுபது பவுசரைக் கொண்டுவந்து ஊற்றினாலும் ஒரு தாங்கி நிரம்பாது. 2022இல் நாங்கள் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் நின்றபோது, இவ்வளவு பெரிய தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இப்படி நிற்கிறோம் என்று முன்னால் நின்ற ஒரு மூதூர்க்காரர் ஆற்றாமையோடு சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல வரிசையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

1942 ஏப்ரல் 9. இந்தத் தேதி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். சிங்கப்பூர் பெப்ரவரியில் விழுந்துவிட்டது, அப்புறம் ஜப்பானியரின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கினார்கள், நாலாம் நாள் காலையில் திருகோணமலை. டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல் தளம், சீனக்குடா விமானத்தளம் எல்லாம் அடி வாங்கியது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாக்குதலுக்குப் பயந்து துறைமுகத்தை விட்டு வெளியே போயும் தப்பவில்லை, அதே நாள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். தாங்கிகளில் ஒன்று அன்றைக்குத்தான் எரிந்தது. ஜப்பானிய விமானம் ஒன்று நேரே வந்து அதில் மோதியது என்றும் நாள்கணக்கில் நெருப்பு அணையவில்லை என்றும் ஊரில் சொல்வார்கள். எரிந்த அந்தத் தாங்கியின் மிச்சம் இன்றைக்கும் காட்டுக்குள் கிடக்கிறது. எங்கள் அப்பாச்சி அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளை. மாட்டு வண்டில் கட்டித் தம்பலகாமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடினார்களாம், பின்னால் திரும்பிப் பார்த்தபோது பட்டப்பகலிலும் வானம் கறுத்திருந்ததாம். சாகும்வரை மண்ணெண்ணெய் மணம் அவருக்கு ஆகாது.

அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவரைப்போலப் பலருக்கு வேலை போனது, ஊரே கொஞ்சக் காலம் வெறிச்சோடிப் போனது என்பார். அவர் வைத்திருந்த ஒரு பெரிய ஸ்பனர் இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கிறது. கைப்பிடியில் ஒரு அம்புக்குறி அடித்திருக்கும், மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்கிற மாதிரி. பிரித்தானிய அரசாங்கச் சொத்து என்பதற்கு அவர்கள் போட்ட முத்திரை அது. வீட்டில் தண்ணீர்ப் பைப் இறுகினால் இன்னும் அதைத்தான் எடுக்கிறோம். அந்த ஸ்பனர் எந்த வால்வைத் திருகியது, எந்தத் தாங்கியின் எந்த மூடியைத் திறந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அப்பப்பா சொல்லாமலேயே போய்விட்டார், நாங்களும் கேட்கவில்லை. அவரோடு வேலை செய்த தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் யாருடைய பெயரும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. தாங்கிகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தம் இருக்கும், நாடுகளின் பெயர் இருக்கும், வருசம் இருக்கும். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதத்தில் இந்தத் தாங்கிகள் இருந்தன, 2003இல் லங்கா ஐஓசி வந்தது, 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கி ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்து மூன்று நாடுகளுமாகத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் வைத்தார்கள். கூட்டிப் பாருங்கள், 14, 24, 61. தொண்ணூற்றொன்பதும் முடிந்தது. ஊருக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊருக்கு வந்த பிறகு, உள்ளே வேலை செய்த யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைமணல் பக்கம் ஒரு ஐயாவைக் கண்டுபிடித்தேன். கீழ்த் தொகுதித் தாங்கிகளைத் திருத்தியபோது ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாள் கூலிக்குப் போனவர். முற்றத்தில் கதிரை போட்டு, பிளேன்ரீ தந்து, மெதுவாகத்தான் கதைத்தார். தாங்கியின் அடியில் வட்டமாக ஒரு மான்ஹோல் இருக்குமாம், அதால் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். முதலில் காற்றுப் பரிசோதிப்பார்கள், அதற்குப் பிறகுதான் ஆட்களை விடுவார்கள். அடியில் கிடந்த பழைய கசடை வழித்து அள்ளி வெளியே எடுக்கவேண்டும், பிறகு கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டவேண்டும். "வெய்யில் ஏறினாப் போறணைக்குள்ள நிக்கிற மாதிரித்தான் தம்பி" என்றார். பத்து மணிக்கு மேல் தகட்டில் கை வைக்க முடியாதாம்.

பிறகு அவர் சொன்ன இன்னொரு விசயத்தைத்தான் நான் மறக்கவே மாட்டேன். கூரைத் தகட்டில் துருப்பிடித்துச் சின்னச் சின்னத் துளைகள் விழுந்திருந்தனவாம். ஒவ்வொரு துளையாலும் ரூபாய்க்குற்றி அளவு வெளிச்சம் நிலத்தில் விழும். காலையில் ஒரு பக்கச் சுவரில் தெரியும், நேரம் போகப் போக அது இறங்கி வந்து நிலத்தில் நகரும். மணிக்கூடு கட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது, ஆகவே வெளிச்சம் நிலத்தில் எந்த மூட்டுக்கு வந்தால் சாப்பாட்டு நேரம் என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்களாம். "சத்தம் எப்படி ஐயா உள்ளுக்கு?" என்று கேட்டேன். சிரித்தார். "ஒராள் இருமினாப் பத்துப் பேர் இருமின மாதிரி. எங்களோட ஒரு பொடியன் இருந்தான், நல்லாப் பாடுவான். ஃபோமன் வெளிய போனா அவனைப் பாட விடுவம். அவன் பாடி முடிச்சாலும் தாங்கி பாடிக்கொண்டிருக்கும்."

இது கூட்டிச் சொன்ன கதை இல்லை. ஸ்கொட்லாந்தில் இன்வர்கோர்டனுக்குப் பக்கத்தில் இஞ்சின்டவுன் என்று ஒரு இடம் இருக்கிறது. இதே பிரித்தானியக் கடற்படை இரண்டாம் உலகப்போரை ஒட்டி கப்பல் எண்ணெயைச் சேமிக்க மலையைக் குடைந்து கட்டிய தாங்கிகள். பெரியவை இருநூறு மீற்றருக்கு மேல் நீளம், உள்ளே போக ஒரே வழி அரை மீற்றருக்கும் குறைவான குழாய்தான். ஒலியியல் பேராசிரியர் ஒருவர் அதற்குள் போய், குண்டில்லாத துப்பாக்கி வெடி ஒன்றை வெடித்து, எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார். தாழ்ந்த சுருதியில் 112 செக்கன். உலகத்திலேயே நீண்ட எதிரொலி என்று 2014இல் கின்னஸ் பதிவில் ஏறியது. எங்களுடையவை உருக்குத் தகடு, வேறு வடிவம், எண் நிச்சயமாக வேறாகத்தான் இருக்கும். அதை யாராவது வந்து அளக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நிலத்துக்கு மேலே நிற்கும் உருக்குத் தாங்கியை என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குத் தென்கொரியாவில் பதில் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அவசரத்துக்கு வேண்டும் என்று சியோல் நகரில் மாபோ என்ற இடத்தில் மலையடிவாரத்தில் ஐந்து தாங்கிகள் கட்டினார்கள். யாரும் கிட்டப் போக முடியாத பாதுகாப்பு வலயம். 2002 உலகக்கிண்ணத்துக்காகப் பக்கத்தில் உதைபந்தாட்ட மைதானம் வந்ததும் ஆபத்து என்று 2000இல் மூடினார்கள். பத்துப் பதினைந்து வருசம் பூட்டிக் கிடந்தது. பிறகு 2017இல் கலாசாரப் பூங்காவாகத் திறந்தார்கள். ஒரு தாங்கியின் தகட்டை எடுத்துவிட்டு அதே வட்டத்தில் கண்ணாடி மண்டபம், ஒன்று திறந்தவெளி அரங்கு, ஒன்றில் அந்த இடத்தின் வரலாறு. ஒன்றை மட்டும் எதையும் தொடாமல், துருவோடும் ஏணியோடும் அப்படியே விட்டிருக்கிறார்கள், பிற்காலத்துப் பிள்ளைகள் எண்ணெய்த் தாங்கி என்றால் எப்படியிருந்தது என்று பார்க்க. கழற்றிய தகடுகளையும் எறியவில்லை. அவற்றைக் கொண்டே ஆறாவது தாங்கி ஒன்றைப் புதிதாக எழுப்பி, அதில் நூலகம், கோப்பிக் கடை, கூட்ட மண்டபம் வைத்திருக்கிறார்கள். சீனாவில் ஷங்காயில் ஹுவாங்பு ஆற்றங்கரையில் பழைய விமான நிலையத்தின் எரிபொருள் தாங்கிகள் ஐந்தும் 2019இல் ஓவியக்கூடமாகிவிட்டன. எண்ணெய்த் தாங்கிக்குள் சனம் போவது உலகத்துக்குப் புதிய விசயமே இல்லை.

இதை நண்பர்களிடம் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, அங்கே வேலை நடக்கிறதே, எண்ணெய் இருக்கிற இடத்தில் சனத்தை எப்படி விடுவது என்பதுதான். நியாயமான கேள்வி. லண்டன் கட்டடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தப் பெரிய மண்டபத்தில் சனம் குறைந்த நேரம் சும்மா நின்றால் ஒரு ரீங்காரம் கேட்கும். மருமகள்தான் சொன்னாள், அது ட்ரான்ஸ்போமர் சத்தம் என்று. மின்நிலையம் மூடினாலும் அதன் ஒரு பகுதியில் துணைமின்நிலையம் ஓவியக்கூடம் திறந்த பிறகும் தொடர்ந்து வேலை செய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லண்டனுக்கு மின்சாரம், இந்தப் பக்கம் ஓவியம் பார்க்கிற சனம். நடுவில் நல்ல ஒரு சுவர் இருந்தால் போதும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். சீனக்குடாவில் எண்ணெய் நிற்பது முக்கியமாகக் கீழ்த் தொகுதியில். மேல் தொகுதியில் பெரும்பாலானவை வருசக்கணக்காக வெறுமையாக, காடு மூடி, மான் மேய்ந்துகொண்டு கிடக்கின்றன. ஓரமாக இருக்கிற ஒன்றைப் பிரித்து, வேலி போட்டு, தனி வழி விடுவது முடியாத காரியமில்லை.

பாதுகாப்பு என்று சொல்வார்கள். நான் ஒருதரம் எழுத்தில் அனுமதி கேட்டும் பார்த்தேன், படம்கூட எடுக்கமாட்டேன், ஒரு தாங்கியைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. முடியாது என்றே பதில் வந்தது, காரணம் பாதுகாப்பு. நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை, அவர்களுக்கு அவர்களுடைய கட்டளை. ஆனால் எங்கள் கோணேசர் எங்கே இருக்கிறார்? பிரட்றிக் கோட்டைக்குள். கோட்டைக்குள் இராணுவ முகாம். ஒவ்வொரு நாளும் அர்ச்சனைத் தட்டோடு அம்மாமாரும், பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகளும், தென்பகுதியிலிருந்து பஸ் பிடித்து வருகிற சனமும் கோட்டை வாசலால் போய், முகாம் கட்டடங்களுக்கு நடுவால் நடந்து, மான்களைத் தாண்டி, சுவாமி மலைக்கு ஏறி இறங்குகிறார்கள். அங்கே நடக்கிறது என்றால் சீனக்குடாவில் ஏன் நடக்காது? உள்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தி அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறோம். நிலாவெளி வீதியில் போர் மயானத்தை எவ்வளவு அழகாகப் பராமரிக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புல்லுக்கூட ஒரே அளவில் வெட்டியிருக்கும். பழையதைப் பாதுகாக்க எங்கள் ஊருக்குத் தெரியும்.

காசைப் பற்றியும் பேசவேண்டும். டேட் மொடர்ன் முதல் கட்டத்துக்கு 13 கோடி பவுண் போனது. அதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை, அந்த அளவு வேலையை இங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு தாங்கிக்கு வேண்டியது என்ன? அடியில் காய்ந்து கிடக்கிற கசடை முறைப்படி அகற்றுவது, நச்சுக்காற்று இல்லை என்று உறுதிப்படுத்துவது, தகட்டின் தடிப்பை அளந்து எங்கே பலவீனம் என்று பார்ப்பது, சுவரில் ஆள் நிமிர்ந்து போகிற வாசல் ஒன்று வெட்டி அதைச் சுற்றிச் சட்டம் போட்டு இறுக்குவது, கூரையில் காற்றும் வெளிச்சமும் வர வழி செய்வது. கடற்காற்று படுகிற இடம், துருவுக்கு மருந்து ஒருதரம் அடித்துவிட்டு மறந்துவிட முடியாது. ஜெர்மனியில் ஓபர்ஹௌசன் நகரத்துப் பழைய எரிவாயுத் தாங்கி, 117 மீற்றர் உயரம், 1994இலிருந்து கண்காட்சி மண்டபமாக இருக்கிறது, அதைக்கூடத் துருப்பிடித்ததால் மூடிச் சுரண்டி மறுபடி பூசி 2021இல் திரும்பத் திறந்தார்கள். ஆகவே கட்டுகிற காசோடு பராமரிக்கிற காசையும் முதலிலேயே ஒதுக்கவேண்டும், அது இல்லாமல் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

அரசியல் கேள்விக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தியா வரவேண்டுமா, அமீரகம் வரவேண்டுமா, யாருக்கு எத்தனை வீதம் என்பதில் எனக்கும் கருத்து உண்டு, இந்தப் பதிவு அதற்காக எழுதியதில்லை. யார் வந்தாலும் அந்த 61 தாங்கிகளைத் திருத்தப் போகிறார்கள். பொறியியலாளர் வருவார்கள், துரு சுரண்டுகிற இயந்திரம் வரும், வெல்டிங் ஆட்கள் வருவார்கள். அறுபத்தொன்றில் ஒன்றைச் சனத்துக்கென்று ஒதுக்கிவிட்டு அதே ஆட்களைக் கொண்டே அதையும் திருத்தச் சொல்வது அந்த நேரத்தில் மிகச் சுலபம். வேலை முடிந்து எல்லாம் எண்ணெய் நிரம்பி, சுற்றிவரப் புதிய வேலியும் கமராவும் வந்த பிறகு போய்க் கேட்டால் யார் காது கொடுப்பார்கள்? கேட்கிறது என்றால் இப்போது கேட்கவேண்டும். மாநகரசபையும் பிரதேச சபையும் மாவட்டச் செயலகமும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களும் திட்ட அறிக்கைகள் எழுதப்படும்போதே இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லவேண்டும்.

எனக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 1942இல் எரிந்த தாங்கி. அதில் இனி யாரும் எண்ணெய் ஊற்றப்போவதில்லை. ஒரு நடைபாதை, ஒரு வேலி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நேராக எழுதிய ஒரு பலகை, சனி ஞாயிறு மட்டும் திறந்தாலும் போதும். சீனக்குடாவில் ரயில் நிற்கிறது, நகரத்திலிருந்து பஸ்ஸும் போகிறது. அதற்குப் பிறகு மேல் தொகுதியில் முழுசாக நிற்கும் ஒன்று. அதற்குள் பெரிதாக எதையும் கட்டவேண்டாம். பிளாஸ்ரிக் சிலைகளும் கலர் லைற்றும் தயவுசெய்து வேண்டாம். வட்டச் சுவர், நிலம், மேலேயிருந்து விழுகிற வெளிச்சம், சுவரோரமாக அங்கே வேலை செய்தவர்களின் பெயர்கள். மிச்சத்தை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். கூத்து ஆடலாம், வில்லுப்பாட்டுப் பாடலாம், கிண்ணியாப் பக்கத்து அண்ணாவிமார் வந்து களிகம்பு அடிக்கலாம். அந்த எதிரொலிக்குள் ஒரு பறை எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், உடம்பு சிலிர்க்கிறது.

பெயர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம். உங்கள் வீட்டில் அப்பப்பாவோ அம்மப்பாவோ டொக்யாட்டிலோ சீனக்குடாத் தாங்கிகளிலோ வேலை செய்திருந்தால் அவருடைய பெயர், ஊர், என்ன வேலை, எந்தக் காலம் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சம்பளத் துண்டு, அடையாள அட்டை, வேலைத்தலத்தில் எடுத்த குழுப்படம் எதுவாவது இருந்தால் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள், பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து. குழுப்படத்தில் தெரிந்த முகங்களை வீட்டில் வயதானவர்களிடம் காட்டி இடமிருந்து வலமாகப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். வருகிறதை எல்லாம் ஒரு பட்டியலாகத் தொகுத்து இங்கேயே போடுகிறேன், மாவட்டச் செயலகத்துக்கு எழுதப்போகும் கடிதத்தோடும் அதை இணைப்பேன். அப்பப்பாவின் பெயரோடு முதல் வரியை எழுதிவிட்டேன்.